மரக்கால் யார் கையில்? மின்சார யூனிட் கணக்கை நாமே போடுவோம்!

  

நெல் அளக்கும்போது மரக்காலைத் தட்டிப் பார்க்கிறோம். தலை தட்டினானா, கோபுரமாக் குவிச்சானா என்று கண்ணை விட்டு அகலாமல் நிற்கிறோம். கரும்பு எடை போடும்போது தராசு முள்ளைப் பார்க்கிறோம். பால் ஊற்றுகிற வீட்டம்மா லிட்டரில் ஒரு சொட்டுக் குறைந்தாலும் கேட்டுவிடுவார். ஆனால் மாதம் தவறாமல் வீட்டுக்கு வருகிற கரண்ட் பில்லை மட்டும் என்ன செய்கிறோம்? கடைசி வரியில் எவ்வளவு ரூபாய் என்று பார்க்கிறோம், திட்டுகிறோம், கட்டுகிறோம். நடுவில் இருக்கிற யூனிட், கிலோவாட், சாங்ஷன் லோடு எல்லாம் யாருக்கோ எழுதியது போல விட்டுவிடுகிறோம்.

அளவை தெரியாதவனிடம் விலையை எப்படி வேண்டுமானாலும் வைக்கலாம். இதை நம்மைவிட நன்றாகத் தெரிந்து வைத்திருப்பது, மின்சாரத்தை விலைக்கு வாங்கி விற்கத் துடிக்கிற கம்பெனிக்காரன்தான்.

2020 மே மாதம், கொரோனா ஊரடங்கில் நாடே கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தபோது, மத்திய நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் யூனியன் பிரதேசங்களின் மின் விநியோகம் தனியார்மயமாகும் என்று அறிவித்தார். தாத்ரா நாகர் ஹவேலி, டாமன் டையூ 2022 ஏப்ரலில் டோரண்ட் கம்பெனிக்குப் போனது. சண்டிகர் 2025 பிப்ரவரியில் கொல்கத்தாவின் கோயங்கா குழுமத்துக்குப் போனது. புதுச்சேரியில் 2022 செப்டம்பர் கடைசியில் டெண்டர் விட்டபோது மின்துறைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஊரே இருட்டில் கிடந்தது, துணை ராணுவத்தை இறக்கினார்கள். அன்றைக்குத் தொழிலாளி தெருவில் நின்றான். நாம் என்ன செய்தோம்? கரண்ட் எப்ப வரும் என்று கேட்டுக்கொண்டிருந்தோம். இனிமேலாவது வேறு கேள்வி கேட்கப் பழக வேண்டாமா? முதல் கேள்வி இதுதான்: ஒரு யூனிட் என்றால் என்ன?

வாட், கிலோவாட் என்று கேட்டதும் படித்தவன் சமாச்சாரம் என்று ஒதுங்காதீங்க. பாசனம் பார்த்தவனுக்கு இது ஐந்து நிமிடத்துப் பாடம். ஏரியில் தண்ணி எவ்வளவு உயரம் நிற்குதோ, அந்த அழுத்தம்தான் வோல்ட். மடையில் எவ்வளவு தண்ணி ஓடுதோ, அது ஆம்பியர். ரெண்டையும் பெருக்கினால் வாட். 230 வோல்ட்டில் 5 ஆம்பியர் ஓடினால் 1150 வாட். ஆயிரம் வாட் சேர்ந்தது ஒரு கிலோவாட். ஆயிரம் கிலோவாட் ஒரு மெகாவாட். அவ்வளவுதான்.

இதில் கிலோவாட் வேறு, யூனிட் வேறு. இந்த இடத்தில்தான் நம்ம ஆட்கள் தடுமாறுவது. கிலோவாட் என்பது அந்த நிமிடத்தில் மடை எந்த வேகத்தில் பாயுது என்பது. யூனிட் என்பது விடிய விடியப் பாய்ந்து வயலில் சேர்ந்த தண்ணி. ஆயிரம் வாட் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். நூறு வாட் பத்து மணி நேரம் ஓடினாலும் அதே ஒரு யூனிட்தான். பொருளின் மேல் எழுதியிருக்கிற வாட்டை, ஓடிய மணி நேரத்தால் பெருக்கி, ஆயிரத்தால் வகுத்தால் யூனிட் வந்துவிடும். ஐந்தாவது படிக்கிற பிள்ளை போட்டுவிடும் கணக்கு.

நம்ம வீட்டையே எடுத்துக்குவோம். பழைய 60 வாட் குண்டு பல்பு 16 மணி நேரம் சொச்சம் எரிந்தால் ஒரு யூனிட். இப்போதைய 9 வாட் எல்.இ.டி. பல்பு 111 மணி நேரம் எரிந்தால்தான் ஒரு யூனிட். 75 வாட் சீலிங் ஃபேன் 13 மணி 20 நிமிடத்தில் ஒரு யூனிட் தின்னும், புதிதாக வந்திருக்கிற 30 வாட் ஃபேன் அதே யூனிட்டில் 33 மணி நேரம் சுற்றும். 750 வாட் மிக்சி 20 நிமிடம் ஓடினால் கால் யூனிட். ஆயிரம் வாட் இஸ்திரிப் பெட்டி சூடாகிக்கொண்டே இருந்தால் மணிக்கு ஒரு யூனிட். டி.வி.யை அணைத்துவிட்டுக் கீழே இருக்கிற செட்டாப் பாக்ஸை அணைக்காமல் விட்டால், அது 10 வாட் இழுப்பதாக வைத்துக்கொண்டாலும், ஒரு நாளைக்குக் கால் யூனிட், மாதத்துக்கு 7 யூனிட். படமும் பார்க்கவில்லை, பாட்டும் கேட்கவில்லை, 7 யூனிட் போச்சு.

இந்தக் கணக்கை வீட்டில் பெண்கள் கையில் கொடுங்கள் என்று சங்கம் கேட்டுக்கொள்கிறது. சுய உதவிக் குழுவில் வட்டிக் கணக்கு எழுதுகிறவர்களுக்கு இது தண்ணி பட்ட பாடு. ஆம்பிளைகள் பில்லைப் பார்த்துக் கத்துவதோடு சரி.

இப்போது பில்லுக்கு வருவோம். அதில் ரெண்டு கொக்கி இருக்கிறது. ஒன்று, படி. நம்ம பிரதேசத்தில் முதல் 100 யூனிட்டுக்கு ஒரு விலை, அடுத்த 100க்கு வேறு விலை, 200 தாண்டினால் இன்னொன்று, 300 தாண்டினால் உச்சம் என்று மாதக் கணக்கில் ஏறுகிறது. பக்கத்திலேயே கடலூர், விழுப்புரம் மாவட்ட கிராமங்கள் நம்ம ஊர்களோடு பின்னிக் கிடக்கின்றன. அந்தப் பக்கம் பெண் கொடுத்த வீட்டில் பில்லைப் பார்த்துவிட்டு வந்து இங்கே ஒப்பிடுகிறோம். அங்கே ரெண்டு மாதக் கணக்கு, 100 யூனிட் இலவசம் என்பதும் ரெண்டு மாதத்துக்குத்தான். மாதத்தோடு மாதத்தை ஒப்பிடாமல், மாதத்தோடு ரெண்டு மாதத்தை ஒப்பிட்டால் சண்டைதான் மிஞ்சும், நியாயம் கிடைக்காது.

இந்தப் படியில் ஏமாறுகிற இடம் எது தெரியுமா? ஒரு வீட்டுக்கு நாளைக்கு 3 யூனிட், 30 நாளைக்கு 90 யூனிட் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் படிக்குள்ளேயே இருக்கிறது. ரீடிங் எடுக்க 40 நாள் கழித்து வந்தால் 120 யூனிட். நாள் கணக்குப் பார்த்துப் பிரிக்காமல் பில் போட்டால் 20 யூனிட் அடுத்த படியில் ஏறிவிடும். நீங்கள் ஒரு பல்பு கூட அதிகமாகப் போடவில்லை, விலை மட்டும் ஏறிவிட்டது. அதனால் பில்லில் முதலில் பார்க்க வேண்டியது ரூபாய் இல்லை, தேதி. போன ரீடிங் தேதி, இந்த ரீடிங் தேதி, நடுவில் எத்தனை நாள். அந்தத் தேதியன்று மீட்டரில் ஓடிய எண்ணைச் சுவரில் கரிக்கட்டையால் எழுதி வைத்தாலும் போதும்.

ரெண்டாவது கொக்கி நிலைக்கட்டணம். இது யூனிட்டுக்கு இல்லை, கிலோவாட்டுக்கு. நீங்கள் கதவைப் பூட்டிக்கொண்டு ஒரு மாதம் மகள் வீட்டுக்குப் போனாலும் இது வரும். சாங்ஷன் லோடு 2 கிலோவாட் என்றால் ரெண்டு பங்கு, 3 என்றால் மூணு பங்கு. இஸ்திரிப் பெட்டி 1000, மிக்சி 750, வீட்டுத் தண்ணிக்கு அரை எச்.பி. மோட்டார் ஒரு 550 வாட், மூன்றும் காலையில் ஒரே நேரத்தில் ஓடினால் 2300 வாட் ஆகிவிட்டது. இதுவரைக்கும் இதை யாரும் கவனிக்கவில்லை. ஸ்மார்ட் மீட்டர் கவனிக்கும். எந்த நேரத்தில் எவ்வளவு உச்சம் ஏறியது என்று அது பதிவு செய்யும், அதை வைத்து லோடை உயர்த்த வழி இருக்கிறது. யூனிட் கூடாமலேயே கட்டணம் கூடும். கிலோவாட் வேறு, யூனிட் வேறு என்று மேலே சொன்னோமே, அது பாடப் புத்தகத்துக்காக இல்லை.

அந்த மீட்டரில் இன்னொரு வித்தையும் இருக்கிறது. 2023 ஜூனில் மத்திய அரசு விதியைத் திருத்தி, பகலில் சூரிய மின்சாரம் வரும் நேரத்தில் விலை குறைவு, மாலை உச்ச நேரத்தில் விலை அதிகம் என்று கொண்டு வந்தது. விவசாய இணைப்புக்கு இதில் விலக்கு உண்டு, வீட்டுக்கு இல்லை. கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் பகலில் நாம் எங்கே இருக்கிறோம்? வயலில். நூறு நாள் வேலையில். சித்தாள் வேலைக்குப் போன இடத்தில். வீட்டுக்கு வந்து விளக்குப் போடுவதும், பிள்ளை படிப்பதும், மாவு அரைப்பதும் சாயங்காலம்தான். ஏசி ரூமில் உட்கார்ந்திருப்பவன் பகலில் சலுகை அனுபவிப்பான், உழைத்துவிட்டு வருகிறவன் உச்ச விலை கொடுப்பான். இது என்ன நியாயம்?

சரி, வீட்டுக்கு இப்படி. நம்ம பம்புசெட்டுக்கு வருவோம்.

வீட்டில் வாட் என்கிறார்கள், கொல்லையில் எச்.பி. என்கிறார்கள். ரெண்டும் ஒன்றுதான், அளவைதான் வேறு. ஒரு எச்.பி. 746 வாட். இங்கிலாந்தில் ஜேம்ஸ் வாட் நீராவி எந்திரம் விற்றபோது, இது எத்தனை குதிரையின் வேலையைச் செய்யும் என்று கணக்குப் போட்டு, மிச்சமான செலவில் பங்கு கேட்டு வாங்கினார். அளவை பிறந்ததே வசூலுக்காகத்தான் என்பதைக் கவனியுங்கள். நம்ம தாத்தா கவலை ஏற்றி இறைத்த சோடி மாடு ஏறக்குறைய ஒரு எச்.பி.க்குள்தான் வேலை செய்திருக்கும். இன்றைக்கு 5 எச்.பி. மோட்டார் போட்டிருக்கிறோம், தண்ணி அதலபாதாளத்தில் இருக்கிறது.

மோட்டார் தகட்டில் 5 எச்.பி. என்று எழுதியிருப்பது அது தண்டில் கொடுக்கிற சக்தி. அது 3.73 கிலோவாட். ஆனால் கம்பியிலிருந்து இழுப்பது அதைவிட அதிகம். காயில் சூடு, உராய்வு எல்லாம் போக, கிட்டத்தட்ட 5 கிலோவாட் இழுத்துவிடும். ரெண்டு மூணு தடவை காயில் கட்டிய பழைய மோட்டார் என்றால் இன்னும் கூட. அதனால் நம்ம கைக்கணக்கு சுலபம்: ஒரு எச்.பி. ஒரு மணி நேரம் ஓடினால் ஏறக்குறைய ஒரு யூனிட். 5 எச்.பி. 6 மணி நேரம் என்றால் 30 யூனிட்.

அந்த 30 யூனிட் எவ்வளவு தண்ணி இறைக்கும்? ஒரு யூனிட் சக்தி, ஒரு துளியும் வீணாகாவிட்டால், 100 அடி ஆழத்திலிருந்து 12,000 லிட்டர் தூக்கும். நடைமுறையில் நல்ல பம்புசெட்டிலேயே பாதி போய்விடும். 6,000 லிட்டர் என்று வைப்போம். ஒரு ஏக்கரில் ரெண்டு அங்குலம் தண்ணி நிறுத்த 2 லட்சம் லிட்டர் வேண்டும். 100 அடியில் இருந்து இறைத்தால் 34 யூனிட். 200 அடிக்குப் போனால் 67 யூனிட். 300 அடியில் 100 யூனிட். அதே நெல், அதே ஏக்கர், அதே ரெண்டு அங்குலம்தான். தண்ணி கீழே போனதற்கு விலை யூனிட்டில் வருகிறது.

சொர்ணவாரிக்கு 15 தடவை 200 அடியிலிருந்து பாய்ச்சுவதாக வையுங்கள். ஏக்கருக்கு ஆயிரம் யூனிட். பில் வந்தால், கணக்குக்கு யூனிட் 4 ரூபாய் என்றாலும் 4,000 ரூபாய். இன்றைக்கு அது தெரியவில்லை. காரணம், விவசாய இணைப்புக்கு ஆணையம் எச்.பி.க்கு இவ்வளவு என்று போடுகிற கட்டணத்தை அரசு ஏற்றுக்கொள்கிறது. அந்த ஆணையம் எங்கே இருக்கிறது தெரியுமா? கோவாவுக்கும் யூனியன் பிரதேசங்களுக்கும் சேர்த்து ஒரே ஒழுங்குமுறை ஆணையம், ஹரியானா மாநிலம் குருகிராமில். பாகூர் ஏரியையும் பங்காரு வாய்க்காலையும் கண்ணால் பார்க்காதவர்கள் நம்ம எச்.பி.க்கு விலை எழுதுகிறார்கள்.

ஏரியில் தண்ணி நின்றால் மடை திறந்தால் போதும், ஒரு யூனிட் கூட வேண்டாம். சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பங்காரு வாய்க்காலில் வந்து பாகூர் ஏரி நிரம்பிய வருடம் போர்வெல் நீர்மட்டம் எங்கே நிற்குது என்று கிழவர்களைக் கேளுங்கள். வாய்க்காலைத் தூர்வாராமல், வரத்தை மனை போட்டு அடைத்துவிட்டு, விவசாயி மின்சாரத்தை உறிஞ்சுகிறான் என்று பழி போடுகிறார்கள். மின்துறை வேறு, பொதுப்பணித்துறை வேறு என்பது கோட்டையில் இருப்பவர்களுக்கு. நம்ம வயலில் ரெண்டும் ஒரே கணக்கு.

இந்தப் பழிக்குப் பின்னால் ஒரு தந்திரம் இருக்கிறது. நாடு முழுவதும் மீட்டர் இல்லாத பம்புசெட்டுகளுக்கு எச்.பி.யை வைத்து உத்தேசமாக யூனிட் எழுதுகிறார்கள். கம்பியில் கசிந்ததும், பெரிய இடத்தில் திருடியதும், கணக்கில் வராததும் எல்லாம் சேர்ந்து விவசாயம் என்ற தலைப்பில் போய் உட்கார்ந்துகொள்ளும். பிறகு இவ்வளவு கோடி மானியம், இவ்வளவு நஷ்டம் என்று பத்திரிகையில் செய்தி வரும். மறுத்துப் பேச நம்மிடம் என்ன இருக்கிறது? ஒன்றுமில்லை. பம்புசெட்டுக்கு மீட்டர் வேண்டாம் என்கிறோம், சரிதான். மீட்டர் வந்தால் பின்னாலேயே பில் வரும் என்பது நமக்குத் தெரியும். ஆனால் கணக்கே வேண்டாம் என்று இருந்தால் அவன் எழுதியதுதான் கணக்கு. ஆகவே நாமே எழுதுவோம். மோட்டார் எத்தனை எச்.பி., எத்தனை மணி நேரம் ஓடியது, எத்தனை மணி நேரம் மின்சாரம் வரவே இல்லை, வோல்டேஜ் குறைந்து எத்தனை தடவை காயில் எரிந்தது. ஒரு நோட்டு, ஒரு பேனா போதும். 1956ஆம் வருட மின்சார விதியிலேயே, தாழ்வழுத்தத்தில் 6 சதவீதத்துக்கு மேல் வோல்டேஜ் கூடக் குறைய இருக்கக் கூடாது என்று எழுதியிருந்தான். 240க்கு 225 வரை. 170 வோல்ட்டில் மோட்டார் ஓட்டிப் பார்த்தவனுக்கு அந்த விதியின் மரியாதை தெரியும்.

யூனிட்டுக்கு ஒரு பைசா என்பதற்காக உயிர் கொடுத்த வரலாறு நம்முடையது. 1970 ஜூன் 19, கோவை மாவட்டம் பெருமாநல்லூரில் மின்கட்டணத்தை எதிர்த்துத் திரண்ட விவசாயிகள் மேல் போலீஸ் சுட்டது, மூன்று பேர் செத்தார்கள். 1972இல் நாராயணசாமி நாயுடு தலைமையில் கட்டை வண்டிகளைக் கொண்டுபோய்க் கோவை நகரத்தையே மறித்தார்கள், அப்போதும் துப்பாக்கிச் சூடு. ஒரு பைசாவுக்கா இவ்வளவு என்று பட்டணத்தில் கேலி பேசியவர்கள் உண்டு. 5 எச்.பி. மோட்டார் நாளைக்கு 8 மணி நேரம், வருடத்தில் 200 நாள் ஓடினால் 8,000 யூனிட். ஒரு பைசா என்றால் 80 ரூபாய். 1970இல் 80 ரூபாய் என்றால் என்ன என்று வீட்டுப் பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். அந்த விவசாயிக்கு யூனிட் கணக்கு தெரிந்திருந்தது. அதனால்தான் ஒரு பைசாவின் கனம் தெரிந்தது. அந்தப் போராட்டத்தின் பலன்தான் 1984இல் தமிழ்நாட்டில் சிறு விவசாயிக்கு இலவச மின்சாரம், பிறகு 1989இல் வந்த ஆட்சியில் எல்லா விவசாயிக்கும்.

கொடுத்ததைப் பிடுங்கவும் பார்த்தார்கள். தமிழ்நாட்டில் 2003இல் எச்.பி. கணக்கில் மறுபடி கட்டணம் போட்டார்கள், 2004 தேர்தலில் அடி விழுந்ததும் திரும்பப் பெற்றார்கள். ஆந்திராவில் 2000 ஆகஸ்ட் 28, ஐதராபாத் பஷீர்பாக்கில் கட்டண உயர்வை எதிர்த்தவர்கள் மேல் துப்பாக்கிச் சூடு. ஒரிசாவில் 1999இல் உலக வங்கி சொல்லுக்கு ஆடி விநியோகத்தைத் தனியாருக்குத் தாரை வார்த்தார்கள். அமெரிக்கக் கம்பெனி ரெண்டே வருடத்தில் போட்டது போட்டபடி போனது, மற்றதை எடுத்த ரிலையன்ஸின் உரிமத்தை 2015இல் ஆணையமே ரத்து செய்தது. இதெல்லாம் தெரிந்த பிறகும் நம்ம பிரதேசத்துக்கு அதே மருந்தா?

மானியத்தை வங்கிக் கணக்கில் போடுகிறோம், முதலில் நீ முழுசாகக் கட்டு என்பது 2020 மின்சாரச் சட்டத் திருத்த வரைவில் இருந்தது. டில்லி எல்லையில் ஒரு வருடம் உட்கார்ந்த விவசாயிகளின் கோரிக்கைகளில் அதை எதிர்ப்பதும் ஒன்று. கேஸ் சிலிண்டருக்கும் இப்படித்தான் சொன்னார்கள். 2020க்குப் பிறகு அந்த மானியம் பெரும்பாலோர் கணக்கில் எங்கே போனது? பிரீபெய்டு மீட்டரும் இதே குடும்பம். செல்போனுக்குப் போடுவது போல் முதலில் பணம் போடு, பிறகு விளக்கு. பால் பணம் பதினைந்து நாளைக்கு ஒரு தடவை, கரும்புப் பணம் எப்போது வரும் என்று ஆண்டவனுக்கே தெரியாது, இப்படி வாழ்கிறவன் எதை முன்கூட்டிக் கட்டுவான்?

நாம் கேட்பது பெரிய விஷயம் ஒன்றும் இல்லை. பில் முழுக்கத் தமிழில் வேண்டும். தேதி, நாள் எண்ணிக்கை, யூனிட், படி, லோடு எல்லாம் தனித்தனியாகப் புரியும்படி அச்சிட வேண்டும். ரீடிங் தாமதமானால் படியை நாள் கணக்கில் பிரிக்க வேண்டும். வீட்டுக்குப் பிரீபெய்டு மீட்டரைக் கட்டாயப்படுத்தக் கூடாது. பம்புசெட்டுக்குக் குறிப்பிட்ட நேரத்தில் குறையாத வோல்டேஜில் மும்முனை மின்சாரம் வேண்டும். ஆணையம் நடத்தும் கருத்துக் கேட்புக் கூட்டத்தின் மனு தமிழில் கொம்யூன் அலுவலகங்களில் வைக்கப்பட வேண்டும், கூட்டம் வில்லியனூரிலும் பாகூரிலும் நடக்க வேண்டும். மின்துறை அரசுத் துறையாகவே நீடிக்க வேண்டும்.

கருத்துக் கேட்பில் போய் ஐயா கட்டணம் அதிகமாக இருக்குதுங்க என்று கும்பிட்டால் குறித்துக்கொண்டு அனுப்பிவிடுவார்கள். என் வீட்டுக்கு இத்தனை யூனிட், என் மோட்டாருக்கு இத்தனை மணி நேரம், நீ எழுதியது இத்தனை என்று நோட்டைத் திறந்து வைத்தால் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும்.

சங்கக் கூட்டத்துக்கு வரும்போது கடைசி ஆறு மாத பில்லும், மோட்டார் தகட்டில் இருக்கும் எச்.பி.யை ஒரு சீட்டில் எழுதியும் எடுத்து வாங்க. கண்ணாடி போடுகிறவர்கள் கண்ணாடியையும் மறக்காதீங்க. பில்லில் எழுத்து சின்னது.